யாரோடு ஒப்பிடுவது?



சென்ற இதழில் கருக்கலைப்பு பற்றி மகப்பேறு மருத்துவர் எழுதிய கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் ஊர்ப் பெயரைக்கூடப் போடவில்லை. "ஒருதடவை கலைச்சா அப்புறம் குழந்தை தங்காதாமே?" "மார்புல கேன்சர் வருமாமே?" "மனசு ஒடிஞ்சுபோயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?" பெரும்பாலான கேள்விகள் இந்த மூன்றையே சுற்றி வருகின்றன. 'வயசுப் பெண்கள் படிக்கிற பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு' என்று கோபித்தவர்களும் உண்டு. அவர்கள் படிக்கிறார்கள் என்பதற்காகத்தான் அம்மா, போட்டோம்.

கலைப்பது சரியா, பாவமா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்பதை மட்டும் பேசலாம். அதற்கே உலகம் பல வருஷங்களாக அடித்துக்கொண்டிருக்கிறது.

1987-ல் அமெரிக்க அதிபர் ரீகன், தன் அரசின் தலைமை மருத்துவர் எவெரெட் கூப்பிடம் இதைப் பற்றித்தான் அறிக்கை கேட்டார். ரீகன் கருக்கலைப்பை எதிர்த்தவர். குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரான கூப் அதில் அவரைவிடத் தீவிரம். அறிக்கை எந்தப் பக்கம் சாயும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கூப் சுமார் 250 ஆய்வுகளைப் புரட்டினார், இரண்டு தரப்பாரிடமும் பேசினார். 1989 ஜனவரியில் அதிபருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: கெடுதல் என்றோ கெடுதல் இல்லை என்றோ அடித்துச் சொல்லும் அளவுக்கு இந்த ஆய்வுகள் தேறாது.

நியூசிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1977-ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்த குழந்தைகளை வளர வளரக் கவனித்துவந்தது டேவிட் ஃபெர்குசனின் குழு. முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே என்ற கருத்துடையவர் அவர். ஆனால் 25 வயதுக்குள் கலைத்துக்கொண்ட பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதாக அவருடைய கணக்கு காட்டியது. மறைக்காமல் 2006-ல் வெளியிட்டார். தான் விரும்பாத விடையையும் வெளியே சொன்ன இந்த இருவர் மேலும் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அப்படியானால் கலைத்ததால்தான் அந்தச் சோர்வா? இங்கேதான் சிக்கல். ஆசைப்பட்டுச் சுமந்து பெற்றவளையும், புருஷன் விட்டுப்போன நிலையிலோ வேலை போன நிலையிலோ கலைக்க வந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டாமவள் சோர்ந்துதான் இருப்பாள். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே அவள் சோர்ந்துபோயிருக்கிறாள். கலைக்க வேண்டும் என்று வந்து, முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவளோடுதான் அவளை ஒப்பிட வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டயானா கிரீன் ஃபாஸ்டர் அதைச் செய்தார். 2008 முதல் 2010 வரை 30 மருத்துவமனைகளில் சுமார் ஆயிரம் பெண்களைச் சேர்த்தார். கலைப்பதற்கான வாரக் கெடுவுக்குள் வந்து கலைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், கெடு தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேட்டி. கலைத்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இல்லை. தொடக்கத்தில் அதிகம் பதறியவர்கள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஓராண்டுக்குள் இரு தரப்பும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்தன. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் இருவர் பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார்கள். இந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. அழைக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர்கூடச் சேரவில்லை. சேராதவர்கள் மனசில் என்ன இருந்ததோ! இருந்தாலும் சரியான ஆளோடு ஒப்பிட்ட ஆய்வு என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம். அதற்காக, கலைத்துவிட்டு அழுகிற பெண்ணிடம் 'ஆய்வுப்படி நீ அழக் கூடாது' என்று யாரும் போய் நிற்காதீர்கள். அழுகை வேறு, நோய் வேறு.

புற்றுநோய்க் கதையும் தப்பான ஒப்பீட்டில் பிறந்ததுதான். நோய் வந்தவள் டாக்டரிடம் பழசு ஒன்றுவிடாமல் சொல்லுவாள். ஆரோக்கியமாக இருப்பவள் அதை ஏன் வெளியே சொல்லப் போகிறாள்? இதனால் நோயாளிகளில்தான் கலைத்தவர்கள் அதிகம் என்பதுபோல் ஒரு தோற்றம். 16 நாடுகளின் 53 ஆய்வுகளை, மார்பகப் புற்றுநோய் வந்த 83,000 பெண்களின் விவரங்களோடு ஒன்றாகப் போட்டு அலசி, தொடர்பு இல்லை என்று 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் ஊர் வாட்ஸ்அப்புக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த குழந்தை? முதல் மூன்று மாதத்துக்குள், முறையாக, கிருமி தொற்றாமல் நடந்தால் கருத்தரிப்பதற்குத் தடையில்லை. இரண்டே வாரத்தில் மறுபடி கரு உண்டாகவும் வாய்ப்பிருக்கிறது; இது பல தம்பதிகளுக்குத் தெரிவதில்லை. ஆனால் டி அண்ட் சி என்று கருப்பையைச் சுரண்டுவது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, பின்னால் குறைப்பிரசவ வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. சுரண்டுவதை விட்டுவிட்டு மாத்திரைக்கோ உறிஞ்சியெடுக்கும் முறைக்கோ மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகச் சொல்லிவருகிறது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். எருக்கங்குச்சியிலும் கைப்பக்குவத்திலும் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததால்தான் 1964-ல் இதை ஆராய சாந்திலால் ஷா குழு அமைந்தது. 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்றும், அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை போட்டு நடந்தவை என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. மாத்திரை நல்ல மாத்திரைதான். ஒன்பது வாரத்துக்குள், டாக்டர் பார்த்துக் கொடுத்தால். நாள் கணக்குத் தெரியாமல் யாரோ வாங்கிவந்து கொடுப்பதுதான் பயம். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை கேட்காது; குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் வீடு. பிரசவமானவளுக்குப் பூண்டுக் குழம்பு, லேகியம், வெந்நீர்க் குளியல், சுற்றிலும் நாலு பேர். கலைத்துவிட்டு வந்தவள் மறுநாள் காலையில் குக்கர் வைக்கிறாள், தண்ணீர்க் குடம் தூக்குகிறாள். யாருக்கும் தெரியக் கூடாதே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படி உட்காருவாள்? தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த உடம்பில்தான் இந்த உதிரப்போக்கும். மேலே சொன்ன எந்த ஆய்வும் இந்தக் குடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு வாசகி, 'கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அலைந்து அலைந்து நாலு வாரம் போய்விட்டது' என்று எழுதியிருந்தார். 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தில் இல்லாத இதுபோன்ற நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தும், அதன்பின் 24 வாரம் வரை குறிப்பிட்ட சிலருக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தும் வேண்டும். வாரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். அந்த நாலு வாரம் அவருக்கு யார் செய்த கெடுதல்?

அடுத்த இதழில் மருத்துவரின் பதில்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம். வயது, எத்தனையாவது வாரம், மாத்திரையா ஆபரேஷனா, இப்போது என்ன தொந்தரவு, இவ்வளவு எழுதினால் போதும். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வயிற்றுவலியோடு தலைசுற்றி மயக்கம் வந்தாலோ எங்களுக்கு எழுத உட்காராதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்