கோயிலுக்கு வர முடியாத வீட்டுக்கு நாம போவோம்



நம்ம செம்பவாங் வட்டாரத்தில் இளம் குடும்பங்கள் நிறைய. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் நாம எல்லாரும் சொல்றது, "தீட்டு கழியட்டும், அப்புறம் போய்ப் பார்க்கலாம்." சுகப்பிரசவம் ஆன வீட்டுக்கு அது சரி. குழந்தை குறைமாதத்தில் பிறந்து, தேக்கா பக்கம் கேகே மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால்? நாம ஒதுங்கி நிற்கும் அந்த நாட்களில்தான் அவங்களுக்கு ஆள் உதவி தேவை.

37 வாரம் முடியுறதுக்கு முன்னே பிறந்தால் குறைமாதக் குழந்தை. ரொம்பச் சீக்கிரம் பிறந்துட்டால் இரண்டு, மூன்று மாதம்கூட மருத்துவமனையில் இருக்க வேண்டிவரும். தாயை மட்டும் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆபரேஷன் செய்த உடம்போடு அந்தப் பொண்ணு தினமும் எம்ஆர்டி ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கணும். ராத்திரி பகல் பார்க்காமல் பால் எடுத்து, ஐஸ் பையில் கொண்டு போகணும். குழந்தையைப் பெற்றவங்க நெஞ்சோடு அணைச்சு வைக்கிற 'கங்காரு' முறை 1978இல் கொலம்பியாவில் தொடங்கி இன்று உலகம் முழுக்க இருக்கு. பெற்றவங்க பக்கத்தில் இருப்பதே குழந்தைக்குப் பாதி மருந்து.

குழந்தை குடிமகன் என்றால், 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு 4 வாரச் சம்பள விடுப்பு உண்டு. நல்ல விஷயம். ஆனால் குழந்தை வீடு வருமுன்னே அது தீர்ந்து போகலாம். தொழிற்சாலையில் வேலை வாங்கும் நாங்கள் சொல்றோம்: அப்படிப்பட்ட தகப்பனுக்கு ஷிப்டை மாற்றிக் கொடுப்பது நம்ம கையில் இருக்கு.

என்யுஹெச் மருத்துவமனையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் தங்க ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் இருக்கு. 1974இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஏற்பாடு அது. நம்மால் கட்டடம் கட்ட முடியாது. சோறு கட்டிக் கொடுக்க முடியும்.

சம்பிரதாயத்தை நாங்கள் குறை சொல்லலை. தீட்டு என்பது அவங்க சந்நிதிக்கு வருவதற்கான கட்டுப்பாடு. நாம பத்தியச் சாப்பாட்டை அவங்க வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு என்ன தடை? மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடலாம். கார் இருக்கிறவங்க வாரம் ஒரு நாள் தாயை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம். ஊரிலிருந்து அம்மா வர முடியாத வீடுகளுக்கு இது பெரிய பலம்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். முதலில் கேட்டுட்டுச் செய்யணும். சில பேர் தனியாக இருக்க விரும்புவாங்க. கூட்டமாக வார்டுக்குப் போகக் கூடாது. கிருமி தொற்றினால் அந்தக் குழந்தை தாங்காது. "எத்தனை கிலோ? எந்த நட்சத்திரம்?" என்ற கேள்வியும் வேண்டாம். "இன்னைக்குச் சாப்பிட்டியாம்மா?" போதும்.

நம்ம கோயிலில் அன்னதானத்துக்குக் குறையே இல்லை. அதில் இரண்டு பொட்டலம் அந்த வீட்டுக்கும் போகட்டும். உங்க புளோக்கில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், அவங்க சம்மதத்தோடு தொண்டூழியர்களிடம் சொல்லுங்க. மற்றதை நாங்கள் பார்த்துக்கிறோம்.

வேலும் மயிலும் துணை.