விஸ்கிக்கு இருக்கிற மரியாதை

பதினெட்டாயிரம் பவுண்டு கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது. அவன் படித்து முடித்து வேலை தேடுவதற்குள் அந்த நாட்டு அரசாங்கம் விதியை மாற்றிவிடுகிறது. பல்கலைக்கழகத்தைக் கேட்டால், அது உள்துறை விவகாரம் என்கிறார்கள். உள்துறையை யார் போய்க் கேட்பது? திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நானா?

பிள்ளை என் தங்கை மகன். 2024 செப்டம்பரில் டேட்டா சயன்ஸ் எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்து போனான், ஓராண்டில் முடித்தும் விட்டான். கடனுக்கு ஈடாக வங்கியில் இருப்பது என் வீட்டுப் பத்திரம். மடியில் உட்காரவைத்துக் காது குத்தியதோடு தாய்மாமன் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன், மதிப்பீட்டு இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தது என்று ஒரு மாமாங்கம் நடந்தது. அத்தனை பேரும் என் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். படித்த பிறகு பையனுக்கு வேலை எப்படிக் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதெல்லாம் தொடங்குவது அந்த 'இலவச' ஆலோசனையில். தில்லைநகர்ப் பக்கம் நடந்து பாருங்கள். நகைக்கடை விளம்பரத்துக்கும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரத்துக்கும்தான் போட்டி. ஸ்பாட் ஆஃபர், ஸ்காலர்ஷிப், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. உள்ளே போனால் ஏசி, காபி, "அங்கிள், கவலையே படாதீங்க" என்று பேசும் ஒரு பெண். நம்மிடம் காசு வாங்காமல் இவர்களுக்கு வாடகை எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றாது. வருவது பல்கலைக்கழகத்திடமிருந்து. சேர்த்துவிட்ட ஒவ்வொரு தலைக்கும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு கமிஷன். ஓராண்டுப் படிப்பென்றால் முதலாண்டுக் கட்டணம்தான் மொத்தக் கட்டணம். வீடு வாங்கித் தருகிற புரோக்கர்கூட இரண்டு பக்கமும் கமிஷன் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். இங்கே நம் பக்கத்து ஆள் என்று நாம் நம்புகிறவர், அந்தப் பக்கத்துச் சம்பளத்தில் இருக்கிறார். தப்பு என்று சொல்லவில்லை, வியாபாரம். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று ஒரு காகிதத்திலாவது இருக்க வேண்டாமா?

அடுத்தது விசா. லண்டனுக்கு வெளியே படிக்கிறவன் ஒன்பது மாதச் செலவுக்கு, மாதம் 1,023 பவுண்டு வீதம், 9,207 பவுண்டு கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அப்போதைய கணக்கு அது, இப்போது இன்னும் கூடிவிட்டது. கடன் கட்டணத்துக்கே சரியாகப் போனதால், இந்தத் தொகைக்கு என் மச்சானின் பணிக்கொடையை எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டோம். தொடர்ச்சியாக 28 நாள் அந்தத் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. பால்காரருக்குக் கொடுக்க எடுத்தால்கூட விசா போச்சு. என் தங்கை அந்த ஏடிஎம் கார்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், மச்சான் மறதிக்காரர் என்பதால்.

விசாக் கட்டணம் 490 பவுண்டு. சுகாதாரக் கட்டணம் என்று 1,164 பவுண்டு, ஊசி போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்ளாவிட்டாலும். காசநோய் இல்லை என்று ஒரு எக்ஸ்ரே. எல்லாம் கட்டினோம். முணுமுணுக்கவில்லை. 'படித்து முடித்தபின் இரண்டாண்டு அங்கே இருந்து வேலை தேடலாம்' என்ற ஒரு வரியை நம்பித்தான் அத்தனையும்.

அந்த வரியின் சரித்திரத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிப்புக்குப் பிந்தைய வேலை விசா அங்கே முன்பும் இருந்தது. தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2012-ல் அதை மூடினார்கள். நம் மாணவர் கூட்டம் குறைந்தது. கல்லாப்பெட்டி இளைத்ததும், 2021 ஜூலை 1 முதல் கிராஜுவேட் ரூட் என்ற பெயரில் திறந்தார்கள். கூட்டம் வந்தது. உடனே கூட்டம் அதிகம் என்று கோபம் வந்தது. 2024 ஜனவரி முதல், முதுநிலை வகுப்பில் சேருகிறவர்கள் மனைவி மக்களை அழைத்துவரக் கூடாது என்றார்கள். அதே ஆண்டு மே மாதம், அரசே அமைத்த குடிவரவு ஆலோசனைக் குழு ஆராய்ந்து பார்த்து, கிராஜுவேட் ரூட் பெரிய அளவில் முறைகேடாகப் பயன்படவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அறிக்கை கொடுத்தது. ஆட்சி மாறியது. 2025 மே மாதம் வெள்ளை அறிக்கை வந்தது. இரண்டாண்டு 18 மாதமாகச் சுருங்கியது.

எரிச்சல் தருவது சுருங்கியதுகூட இல்லை, சுருக்கிய விதம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம். கவனியுங்கள், அன்று முதல் சேருகிறவர்களுக்கு அல்ல, விண்ணப்பிக்கிறவர்களுக்கு. இரண்டாண்டு என்று படித்துப் பார்த்து, இரண்டாண்டு என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கிப் போய்ச் சேர்ந்தவன், முடித்து வரும்போது தேதி தாண்டியிருந்தால் அவனுக்கும் 18 மாதம்தான். பருப்பு விலையைக் கேட்டு, பணத்தைக் கொடுத்து, பையை நீட்டும்போது 'இப்போது கிலோவுக்கு முக்கால்தான்' என்று எந்த மளிகைக்கடையிலாவது சொல்ல முடியுமா?

எங்கள் பையன் அந்தத் தேதிக்கு முன்பே தப்பித்துவிட்டான். இரண்டாண்டு கிடைத்தது. அதற்கு விசாக் கட்டணம் 880, சுகாதாரக் கட்டணம் இரண்டாண்டுக்கு 2,070. வேலை தேடும் உரிமைக்கு மட்டும் 2,950 பவுண்டு, நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். வேலைக்கு அல்ல ஐயா, தேடுவதற்கு.

தேடினான். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வருமாம்: 'இப்போதோ பிற்பாடோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?' உண்மையைச் சொன்னால் சில நிமிடங்களில் மறுப்பு மெயில் வந்துவிடும். மனிதர் படித்திருக்க வாய்ப்பே இல்லாத வேகம். அந்த முதலாளிகளையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள உரிமம் வாங்க வேண்டும், பெரிய நிறுவனமென்றால் ஆளுக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் என்ற வீதத்தில் அரசுக்குக் கட்ட வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து ஒரே தாவலில் 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700. புதிதாகப் படித்து வெளிவருகிறவர்களுக்குச் சலுகை உண்டு. இவன் விமானம் ஏறியபோது அது 30,960, பட்டம் வாங்கும்போது 33,400. அந்தச் சலுகையும் மொத்தம் நான்கே ஆண்டு. கிராஜுவேட் ரூட்டில் அலைந்த காலமும் அந்த நான்கில் கழிந்துவிடும். இந்தக் கணக்கை எந்த ஃப்ளெக்ஸ் பேனரிலும் நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டதாரிகளை எடுக்க, விண்ணப்பங்களை செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்கத் தொடங்கிவிடுகின்றன. ஓராண்டுப் படிப்புக்காரன் போய் இறங்குவதே செப்டம்பர் கடைசியில். பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், பக்கத்து அறைக்காரன் ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று அவன் விழித்துக்கொண்டிருக்கும்போது அங்கே கதவு திறந்து மூடிவிடுகிறது. அவனுக்கு விவரம் தெரிந்தபோது பொங்கல் வந்துவிட்டது.

இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். உழைப்பை நான் இழிவாகச் சொல்லவில்லை. கிராஜுவேட் விசாவில் எந்த வேலையும் செய்யலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த வேலையை வைத்து ஸ்பான்சர்ஷிப் வாங்க முடியாது. 2025 ஜூலையிலிருந்து பட்டப்படிப்புத் தகுதி வேண்டிய வேலைகளுக்கே பெரும்பாலும் அது உண்டு. "மாமா, இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன்" என்கிறான் போனில். "பாரு மாப்ள" என்கிறேன். வேறென்ன சொல்வது?

அங்கே பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து அழைக்கின்றன என்பது பிற்பாடுதான் புரிந்தது. இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவனுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. 2012-ல் 9,000 பவுண்டு, 2017-ல் 9,250, அதன்பின் விலைவாசி எங்கெங்கோ போயும் 2025 வரை அசையவில்லை. பிறகு 9,535. பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? வெளிநாட்டுப் பிள்ளையின் கட்டணத்தை வைத்து. அதற்கு வரம்பே இல்லை. போதாததற்கு, 2028 முதல் அங்கே வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 925 பவுண்டு லெவி வரப்போகிறது. பல்கலைக்கழகம்தான் கட்டுமாம். அது யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு இந்த 'உலகத் தரவரிசை'. க்யூஎஸ் பட்டியலில் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 சதவீத மதிப்பெண். படித்து வெளிவந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் அதே 5 சதவீதம்தான். அதாவது நம் பையன் உள்ளே நுழைந்ததும் மதிப்பெண் வந்துவிடுகிறது. அந்த மதிப்பெண்ணால் உயர்ந்த இடத்தைக் காட்டி அடுத்த பையனை அழைக்கிறார்கள். கட்டணமும் அவன், விளம்பரமும் அவன். உலகப் போட்டித்திறன் என்று கையேட்டில் பளபளப்பாக அச்சடித்திருக்கிறார்களே, அது யாருடைய போட்டித்திறன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

வேறு நாட்டுக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறார் எதிர்வீட்டுக்காரர். எங்கே? கனடா, கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகையை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக்கியது. அதே ஆண்டு நவம்பர் 8-ல், இந்தியர்கள் நம்பியிருந்த விரைவு விசா வழியை அறிவித்த அன்றே மூடியது. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணம் 710 டாலரிலிருந்து ஒரே ஆண்டு இடைவெளியில் 1,600, பிறகு 2,000. அமெரிக்காவில் எச்-1பி ஆண்டுக்கு 85,000 பேருக்குக் குலுக்கல். வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வேறு. போதுமா?

ஊருக்கே வந்துவிடு என்று சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் இணையவழி நேர்காணல். "அங்கேயே ஏன் வேலை கிடைக்கல?" என்பது முதல் கேள்வி. இங்கேயே எம்.எஸ்ஸி. படித்த அவன் நண்பனுக்குக் கொடுக்கும் அதே சம்பளம். அதில் கல்விக் கடன் தவணையும் சென்னை வாடகையும் போனால் மிச்சம் பஸ் பாஸுக்கு வரும். உறவினர்களைப் பற்றி எழுதவே வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் உப்பு விழுவதற்குள் "பையன் பிஆர் வாங்கிட்டானா?" என்று கேள்வி விழுகிறது. என் தங்கை இப்போது பந்திக்கே போவதில்லை, மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறாள்.

ஒரு நாடு யாரை உள்ளே விட வேண்டும், எத்தனை நாள் விட வேண்டும் என்பது அந்த நாட்டு மக்கள் முடிவு. எனக்கு அதில் பேச்சில்லை. வேலை தருவதாக யாரும் என்னிடம் வாக்குக் கொடுக்கவும் இல்லை. கேட்பதெல்லாம், காசு வாங்கிய அன்று சொன்ன விதி காசு கொடுத்தவனுக்காவது நிற்க வேண்டாமா என்பதுதான்.

முடியாத காரியம் என்பார்கள். முடியும். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காட்ச் விஸ்கிக்கு அப்போது இறக்குமதி வரி 150 சதவீதம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் 75, அதிலிருந்து பத்தாண்டுகளில் படிப்படியாக 40 என்று அட்டவணை போட்டு எழுதியிருக்கிறார்கள். நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்களுக்கு மூன்றாண்டு இரட்டைச் சமூகக் காப்பீட்டுச் சந்தா கிடையாது என்பதையும் கூடவே பேசி முடித்தார்கள். பீப்பாயில் கிடக்கும் சரக்குக்குப் பத்தாண்டு என்ன நடக்கும் என்று தெரியும். அதே ஆண்டில், வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அடுத்த ஜனவரியில் என்ன நடக்கும் என்று தெரியாது.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு டெல்லியிலிருந்து யார் போனாலும் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கி வாருங்கள்: கட்டணம் பெற்ற நாளில் இருந்த படிப்புக்குப் பிந்தைய விசா விதியே அந்த மாணவருக்குக் கடைசிவரை பொருந்தும். ஏஜெண்டுகள் கமிஷன் தொகையை ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று இங்கேயே ஒரு சட்டம் போடலாம், அதற்கு லண்டனைக் கேட்க வேண்டியதில்லை. இந்தச் செப்டம்பருக்குப் பிள்ளையை அனுப்பப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற தாய்மாமன்களே, அந்த 2027 தேதியைக் கணக்கில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.