நுனிப் பழம் சொல்லும் சேதி

கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் பெரியம்மா தோட்டம். பந்தல் முழுக்கக் கறுகறுவென்று பன்னீர் திராட்சை. பறிக்கக் கை நீட்டினேன். “பொறு தாயி, நிறம் ஏமாத்தும். கொத்தோட நுனிப் பழத்தைத் தின்னு பாரு” என்றார். ஒரே புளிப்பு! நுனிதான் கடைசியில் இனிக்குமாம்.

“மழை வந்தா பழம் வெடிச்சுப் போகும். இருந்தாலும் நாலு நாள் பொறுப்போம்” என்றார்.

காரணம் உண்டு. மா, வாழை மாதிரி திராட்சை பறித்த பின் பழுக்காது. ஒயின் செய்பவர்களும் அறுவடைக்கு முன் ருசி பார்ப்பது இதற்குத்தான். தோல், விதையிலிருந்து இறங்கும் துவர்ப்பு நாளாக நாளாகத் தணியும். கொடியில் ஏறாத பக்குவம் பாட்டிலில் ஏறாது.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழமாச்சே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், சகோதரிகளே. நுனிப் பழத்தைக் கழுவி ருசி பாருங்கள். இனித்தால் கூடையை நீட்டுங்கள்!