எட்டாயிரம் ரூபாய்க்கு எத்தனை காகிதம்?

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் ஏறுகிற வாலிபர்களில் பாதிப்பேரை எனக்கு முகம் பார்த்தே தெரியும். மாதச் சீட்டுக்காக என் கவுண்டரில் வந்து நிற்கிறவர்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர்கள். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் ஸ்டேஷன்களிலும் இதே கூட்டம்தான்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் கோலார் தங்கவயலுக்கு இந்த ரயில்தான் சுரங்கம் என்று ஆகிவிட்டது. தாத்தா பாதாளத்தில் இறங்கினார். பேரன் நூறு கிலோ மீட்டர் தள்ளிப் போய் லிப்டில் ஏறுகிறான்.

இப்படி ஓடுகிற பிள்ளைகள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் லைனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மன்றம் வைத்திருக்கிறார்கள் என்பது வெளியூர் அன்பர்கள் பலருக்குத் தெரியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் மண்வெட்டி எடுப்பது அவர்கள். இரவில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பது அவர்கள். சுரங்கம் நடந்த நாளில் நிர்வாகம் பார்த்துக்கொண்ட வேலைகளில் பல இன்று இவர்கள் தோளில் விழுந்திருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு மன்றத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அந்த லைனில் பழைய படிப்பகம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம் என்று முடிவு செய்தார்கள். கணக்கும் கன்னடமும் சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கன்னடப் பாடத்தில் தடுமாறுவது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள கவலை. கன்னடம் படித்த ஒரு தங்கை சம்பளம் வாங்காமல் சொல்லித்தர முன்வந்தாள். வேண்டியதெல்லாம் கூரையில் இரண்டு தகடு மாற்றுவது, மூன்று டியூப் லைட், ஒரு கரும்பலகை, நாலு பெஞ்சு. ஆக 8,000 ரூபாய்.

சமூக சேவைத் திட்டங்களுக்குச் சிறு நிதி தருவதாக ஓர் அமைப்பு அறிவித்திருந்தது. விண்ணப்பம் போட்டார்கள். மஞ்சூராகிவிட்டது என்று கடிதமும் வந்தது. அன்று லைனில் எல்லோருக்கும் டீ.

பிறகுதான் நிபந்தனைகளைப் படித்தார்கள். பணம் முன்னால் வராது. மன்றம் செலவழித்துவிட்டு பில்லைக் கொடுத்தால் பிறகு வரும். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். மன்றம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மன்றத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின் என்று பேனர் தெரியும்படி படங்கள் வேண்டும்.

கூரைத் தகடு மாற்றிய மேஸ்திரி அதே லைன்காரர். அவரிடம் ஜி.எஸ்.டி. பில்லுக்கு எங்கே போவது? சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், வேலை செய்து தருபவருக்கு 20 லட்சம் விற்றுமுதல் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவே கட்டாயம். சட்டமே கேட்காத எண்ணை மேஸ்திரியிடம் நிதி கொடுப்பவர் கேட்கிறார்.

செயலாளர் தம்பிக்கு நாள் கூலி 600 ரூபாய். அலுவலகங்கள் திறந்திருப்பது அவன் பெங்களூரில் வேலையில் இருக்கிற நேரம். நாலு நாள் லீவு போட்டு அலைந்தான். அதில் போனது 2,400. செலவுக்காக 8,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கினான். ஏழு மாதம் கழித்துத்தான் காசு வந்தது. வட்டி 1,680. ஆக 4,080 ரூபாய். வந்த நிதியில் பாதிக்கு மேல் அவன் சட்டைப் பையிலிருந்து போயிருக்கிறது. ஜெராக்ஸ் செலவை நான் சேர்க்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே அறிவிப்பு வந்தது. அவர்கள் விண்ணப்பிக்கவில்லை.

எங்கள் இலாகாவில் உள்ள வழக்கம்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆனால் பணக்கணக்கு எழுதுகிற வேலை எனக்குப் புதிதல்ல. தினமும் டிக்கெட் விற்ற பணமும் ரிஜிஸ்தரும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் டெபிட் வரும். என் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே கணக்கே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் அல்ல.

ரயில்வேயில் ‘இம்ப்ரெஸ்ட்’ என்று ஒரு வழக்கம் உண்டு. அவசரச் சில்லறைச் செலவுக்காகப் பொறுப்பான ஒருவரிடம் சிறு தொகையை முன்கூட்டியே கொடுத்து வைப்பார்கள். விளக்குமாறோ, பூட்டோ, பினாயிலோ வாங்க வேண்டுமா? வாங்கிக்கொள்ளலாம். வவுச்சர் எழுதி அனுப்பினால் செலவான தொகை திரும்ப வந்து பழைய தொகை நிறையும். வவுச்சர் வரவில்லையா, அடுத்த பணமும் வராது. இவ்வளவுதான் சூட்சுமம். எத்தனையோ ஆண்டுகளாக நடக்கிறது. ரயில்வே ஒன்றும் திவாலாகவில்லை.

இதே முறையை இளைஞர் மன்றங்களுக்கு ஏன் வைக்கக் கூடாது? முதலில் ஐயாயிரம் கொடுங்கள். கணக்கு வந்தால் மீண்டும் நிரப்புங்கள். வராவிட்டால் அந்த மன்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நஷ்டம் ஐயாயிரத்தோடு போகும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், 25,000 ரூபாய் வரையிலான பொருளை விலைப்புள்ளி இல்லாமல், அதிகாரி எழுதிக் கொடுக்கும் சான்றின்பேரில் வாங்கலாம் என்றன. பிறகு அந்த வரம்பையும் உயர்த்தினார்கள். சர்க்காருக்கே இவ்வளவு தாராளம் இருக்க, மூன்று டியூப் லைட்டுக்கு மூன்று விலைப்புள்ளியா?

கம்பெனிப் பணம் எங்கே?

பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2014 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறதே, அதில் கேட்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கேட்கலாம். ஆனால் 2021 ஏப்ரல் முதல் அந்தப் பணத்தில் வேலை செய்யும் அமைப்புகள் தனியாகப் பதிவு எண் வாங்க வேண்டும். சங்கமோ அறக்கட்டளையோ ஆனால் வருமான வரிச் சட்டத்தின் கீழான பதிவுகளும் வேண்டும். லைனில் இருக்கிற மன்றம் ஆடிட்டர் வீட்டு வாசலுக்கே போக முடியாது.

அரசாங்கத் திட்டங்களும் உண்டு. 1972-ல் தொடங்கிய நேரு யுவ கேந்திரம் இளைஞர் மன்றங்களை வைத்தே நடந்தது. ஆனால் அது பெரும்பாலும் கிராமங்களைப் பார்த்தது. 2023 அக்டோபர் 31-ல் ‘மேரா யுவ பாரத்’ வந்து, பெயர் பதிவதெல்லாம் இணையத்தில் ஆகிவிட்டது. எங்கள் லைன்கள் கிராமமும் அல்ல, பட்டணம் என்று சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை. எந்தப் பட்டியலிலும் கடைசியில்தான் இடம்.

ஒன்று மட்டும் மன்றத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு பெறாத சங்கமும் நிர்வாகக் குழுவின் தீர்மானம், பான் முதலான காகிதங்களைக் கொடுத்து வங்கிக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி விதிகளில் வழி இருக்கிறது. கவுண்டரில் முடியாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மேனேஜரைப் பாருங்கள். (கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் எல்லா விதியும் தெரிந்தவர் அல்ல. நானும் கவுண்டர்காரன்தான், சொல்லலாம்.)

மன்றங்கள் மீதும் தப்பு இருக்கிறது. தலைவர் படம் போட்ட பேனருக்கு ஐயாயிரம் வசூலாகிறது. சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் வாங்க முந்நூறு இல்லை. ஒரே நிறத்தில் பனியன் தைத்துக்கொள்வதோடு சேவை முடிந்துபோன மன்றங்களையும் நான் பார்த்திருக்கிறேன். வரவு செலவு நோட்டு எங்கே என்று கேட்டால், “அண்ணே, எல்லாம் நம்ம பசங்கதானே” என்று சிரிக்கிறார்கள். சந்தேகத்தோடு பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிரிப்பே போதுமே!

மேலே சொன்ன மன்றத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். செலவுக் கணக்கைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிப் படிப்பகத்தின் வெளிச்சுவரில் ஒட்டிவிட்டார்கள். பெஞ்சு செய்த பலகைக்கு இவ்வளவா என்று மூன்றாவது வீட்டுப் பாட்டி சண்டைக்கு வந்தாள். பழைய தச்சர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, விலை சரிதான் என்று சொன்ன பிறகே அவள் போனாள். பெங்களூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிற ஆய்வாளர் அந்தப் பாட்டியைவிடக் கடுமையாகவா பார்க்கப் போகிறார்?

கர்நாடகத்தில் பதிவும் வரிச் சான்றும் உள்ள தமிழ் அமைப்புகள் இருக்கின்றன. ஆண்டு விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. நானே செய்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த அமைப்புகளில் ஏதாவது ஒன்று, ஒரு லட்சம் ரூபாயைத் தனியாக எடுத்துவைத்து, இருபது மன்றங்களுக்கு ஐயாயிரம் வீதம் இம்ப்ரெஸ்ட் கொடுத்துப் பார்க்கலாம். கம்பெனிப் பணத்தை வாங்கும் தகுதியும், அதற்கான கணக்கை எழுதும் ஆடிட்டரும் அவர்களிடம் உண்டு. பெரிய காகிதங்களை அவர்கள் எழுதட்டும். பிள்ளைகளிடம் ஒரு பக்க விண்ணப்பமும், சாதாரண ரசீதும், சுவரில் ஒட்டிய கணக்கும் கேட்டால் போதும். விண்ணப்பத்தை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டால் இன்னும் புண்ணியம்.

மாலை வகுப்பு இன்னும் நடக்கிறது. டியூப் லைட் ஒன்று போய்விட்டது. பலகையில் கறுப்பு உதிர்ந்துவிட்டது. போன மாதம் சீட்டுப் புதுப்பிக்க வந்த செயலாளர் தம்பியிடம், இந்தத் தடவையாவது விண்ணப்பம் போடலாமே என்றேன்.

“லீவு இல்லண்ணே” என்றான்.

பின்னால் வரிசை நின்றிருந்தது. மேலே பேசவில்லை. பள்ளிக்கூடம் மறுபடி ஜூனில். அதற்குள் ஏதாவது ஒரு தமிழ் அமைப்பு முன்வருமா?