நம் தரை, அவர்கள் கூரை

நியூயோர்க் தொடர்மாடிகளில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் பளபளக்கும் ஓக் பலகைத் தரையைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள். துடைப்பது இலகுதான். ஆனால் பிள்ளை ஓடினாலும், கதிரையை இழுத்தாலும் கீழ்வீட்டில் இடிபோல் கேட்கும். அதனால் அங்கே பல வாடகை ஒப்பந்தங்களில், தரையின் 80 சதவீதத்தைக் கம்பளத்தால் மூடவேண்டும் என்றொரு நிபந்தனை உண்டு. அது நகரச் சட்டமல்ல. என்றாலும் ஒப்பமிட்டால் கொடுத்த வாக்குத்தானே! ஆகவே வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள், கம்பளச் செலவையும் வாடகையோடு கணக்கிடுங்கள். பிள்ளைகளை நாள் முழுக்க "ஓடாதே" என்று அதட்டுவதைவிட அது மலிவு.

2019 முதல் அங்கே பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. அந்தப் பணம் திரும்பி வர, குடிபுகுமுன்பே தரையிலுள்ள பழைய கீறல்களைப் படமெடுத்து வையுங்கள். கம்பளத்தின் அடியில் தடித்த விரிப்பொன்றும் போடுங்கள். காலடி ஓசையை அதுதான் நன்றாக அடக்கும்.