வண்டிக்கு மானியம், வலைக்காரனுக்கு வெளியேற்றம்

தம்பானூரில் இரு வாயில்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று 1931இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் தொடர்வண்டி நிலையம். மற்றொன்று கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம். வடக்கே வர்க்கலைக்கும் தெற்கே கன்னியாகுமரிக்கும் செல்லும் பயணிகள் இங்குதான் வந்து இறங்குகின்றனர். அவர்களுள் வசதி படைத்தோருக்கு அண்மைக்காலமாக ஒரு புதிய கனவு விற்கப்படுகிறது. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட வண்டியில் ஏறுவது, அலையோரத்தில் உறங்குவது, மணலில் மலர்ந்த காட்டுப்பூக்களைப் படம் எடுப்பது, செயற்கைக்கோள் காட்டும் புள்ளியைத் தொடர்ந்து சென்று, எவரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியைக் கண்டெடுப்பது. இக்கனவில் தீங்கு என்ன என்று கேட்கப்படுகிறது. தீங்கு கனவில் இல்லை. அக்கனவு ‘ஆளில்லாத கரை’ என்று எதனைக் கருதுகிறதோ, அதில்தான் இருக்கிறது.

கேரள அரசு தனது கேரவன் சுற்றுலாக் கொள்கையை 2021 செப்டம்பரில் அறிவித்தது. முதலில் வாங்கப்படும் 100 வண்டிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 7.5 லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அது மானியம். இதே அரசு ‘புனர்கேகம்’ என்னும் திட்டத்தையும் நடத்துகிறது. கரைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பம் வீட்டை விட்டு உள்நாட்டுக்குப் பெயர்ந்தால், நிலத்துக்கும் வீட்டுக்குமாகச் சேர்த்து 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கடலோரத்தில் இரவு தங்க வரும் ஒரு வண்டிக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் வரை. கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக இரவு தங்கிய ஒரு குடும்பம் எழுந்து போவதற்குப் பத்து லட்சம்.

பெயர்வது அவரவர் விருப்பம் என்கிறது அரசு. கடல் சுவரைத் தின்று முடித்தபின் விருப்பம் என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சிமெண்டுக் கிடங்கில் வாழ்ந்தன. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது சங்குமுகம் சாலை கடலுக்குள் சரிந்தது. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை விழிஞ்ஞத்தில் மீனவர் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளுள் இக்குடும்பங்களின் மறுவாழ்வும் ஒன்று. கரை அரிப்புக்குத் துறைமுகக் கட்டுமானமே காரணம் என்றனர் போராடியோர். அரசும் துறைமுக நிறுவனமும் மறுத்தன. அவ்வழக்கு எப்படி முடிந்தாலும் ஓர் உண்மை மாறாது: அக்கரை ஒருபோதும் ஆளில்லாத கரையாக இருந்ததில்லை.

வண்டிச் சுற்றுலாவின் ஆதரவாளர் கூறும் வலுவான வாதம் ஒன்று உண்டு. விடுதி கட்டினால் கரை நிரந்தரமாகக் கெடும். வண்டியோ மறுநாள் போய்விடும் என்பது அது. கோவளத்தின் கட்டடங்களைக் கண்டவர் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் வண்டி எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துபவை அடும்பங்கொடியும் இராவணன் மீசையும். அடும்பு மணல்மீது படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு மணலைக் கட்டுகிறது. அதன் ஊதாப்பூவைப் படம் எடுக்க வந்த சக்கரமே அக்கொடியை நசுக்கினால், பூ படத்தில் இருக்கும். மேடு அடுத்த பருவமழையில் இராது. ஒரு வண்டி போய்விடும். அது வகுத்த தடத்தில் நூறு வண்டிகள் வரும்.

புதையல் தேடும் விளையாட்டுக்கும் இதே குறை உண்டு. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா தன் செயற்கைக்கோள் இடங்காட்டியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அடுத்த சில நாள்களிலேயே ஆரகன் மாநிலத்தில் இவ்விளையாட்டு பிறந்தது. நில உரிமையாளரின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மீனவக் கடற்கரையில் அந்த உரிமையாளர் யார்? வலை உலர்த்தவும் கட்டுமரம் ஏற்றவும் ஊரே பொதுவில் ஆளும் மணலுக்குப் பெரும்பாலும் பட்டா இல்லை. பட்டா இல்லாததனால் கேட்பதற்கு ஆளில்லை என்று விளையாட்டு முடிவு செய்கிறது. அரசும் அவ்வாறே முடிவு செய்கிறது.

இத்தனைக்கும் புள்ளி குறித்து இடம் காணும் கலை இக்கரைக்குப் புதிதன்று. நீருக்கடியில் மீன் திரளும் பாறைத்திட்டைப் ‘பார்’ என்பர் மீனவர். கரையில் தெரியும் மலைமுகடு, கோவில் கோபுரம், தேவாலயத் தூண் ஆகியவற்றை இரண்டிரண்டாக ஒரே கோட்டில் நிறுத்தி, அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாரைக் கண்டடைவர். திருவனந்தபுரத்தில் இது கணிச்சம். குமரிப் பக்கம் கணியம். தந்தை மகனுக்கு மட்டும் சொல்லும் அறிவு இது. கருவி ஏதும் இன்றி நடுக்கடலில் புள்ளி குறித்தவனைப் பத்துக் கல் உள்ளே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டு, அவன் விட்டுச்சென்ற மணலில் ஞெகிழிப் பெட்டி தேடுவதை ‘கண்டுபிடிப்பு’ என்று அழைப்பது நகைப்புக்குரியது.

தமிழ் ஆய்வுலகமும் இதில் குற்றமற்றதன்று. நெய்தல் திணை குறித்த ஆய்வேடுகள் அடும்பையும் தாழையையும் ஞாழலையும் அட்டவணையிட்டு அடுக்குகின்றன. திணைக் கோட்பாடோ பூவைத் தனியே பறித்துக் காட்டவில்லை. உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு தொழிலையும் கருப்பொருளாகவே வைக்கிறது தொல்காப்பியம். மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் நீங்கிய நிலம் நெய்தல் ஆகாது. அது வெறும் காட்சி. பூவை மட்டும் எடுத்து மக்களை விட்டுவிடும் ஆய்வேடும், பூவை மட்டும் படம் எடுத்து மக்களைக் காணாத சுற்றுலா விளம்பரமும் ஒரே பார்வையின் இரு வடிவங்கள்.

கடற்கரைக்கு எவரும் வரக்கூடாது என்று யாரும் கோரவில்லை. கோரப்பட வேண்டியவை மூன்று. வண்டி நிறுத்துமிடம் மணல்மேட்டிலும் கொடிப்பரப்பிலும் அமையாது என்பது மானியத்தின் நிபந்தனையாக வேண்டும். ஊர்ப்பொதுவின் ஒப்புதலின்றி எந்தக் கரையும் சுற்றுலாப் புள்ளியாக அறிவிக்கப்படலாகாது. புனர்கேகத்தில் காலியாகும் 50 மீட்டர் நிலம் எக்காலத்தும் சுற்றுலாவுக்குக் கொடுக்கப்படாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். அந்த மூன்றாவது உறுதியைத் தர அரசு தயங்குமாயின், மீனவர் ஏன் பெயர்க்கப்பட்டனர் என்ற வினாவுக்கு அத்தயக்கமே விடையாகும்.