கரைக்குக் கீழே ஒரு மனை

செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகிறவர்கள் அந்தப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். நீலநிறத் தண்ணீர், அதன்மேல் இரண்டு கொக்கு, அடியில் ‘லேக் வியூ மனைகள், பத்திரப்பதிவு இலவசம்’. பணி ஓய்வு பெற்ற என் மைத்துனர் அப்படியொரு பலகையை நம்பி, பங்குனி வெயிலில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மனைகள் இருந்தன. மஞ்சள் வர்ணம் பூசிய எல்லைக்கற்கள் இருந்தன, தார் வாசம் மாறாத சாலை இருந்தது. ஏரியில் தண்ணீர்தான் இல்லை. வெடித்துக் கிடந்த களிமண்ணில் ஆடுகள் மேய, நடு ஏரியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். “ஐப்பசியில வந்து பாருங்க சார், கடல் மாதிரி நிக்கும்” என்றார் தரகர்.

மைத்துனருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த ஏரி யாரையும் ஏமாற்றவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்துவிட்டு ஓய்ந்திருந்தது.

ஏமாற்றியது நம் மனத்தில் இருக்கும் ஏரிப் படம். கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கியவர் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச். ஊட்டி ஏரி அதற்கும் முந்தையது, 1820-களில் கோயம்புத்தூர் ஆட்சியர் சல்லிவன் காலத்தில் வந்தது. மலைவாசத் தலங்களின் இந்த ஏரிகளைத்தான் நாம் சினிமாவிலும் நாள்காட்டியிலும் பார்த்துப் பழகியிருக்கிறோம். வருடம் முழுக்கத் தண்ணீர் தளும்ப வேண்டும், கரையில் பெஞ்சு போட வேண்டும், படகு விட வேண்டும். சமவெளி ஏரி அப்படிப்பட்டதல்ல. வடகிழக்குப் பருவமழையை மூன்று மாதத்தில் வாங்கி, மடை வழியாக வயலுக்குக் கொடுத்து, கோடைக்குள் தரை தட்டுவதற்காகவே கட்டியது. காய்ந்தால்தான் வண்டல் அள்ள முடியும், கரையைச் செப்பனிட முடியும், கால்நடை மேய முடியும். கொடைக்கானலைக் காட்டி மதுராந்தகத்தை விற்கிறது மனை வியாபாரம்.

ஏரியோரத்தில் வீடு வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஏரியின் உடலமைப்பு. நம் ஏரிகளில் பெரும்பாலானவை தோண்டிய பள்ளங்கள் அல்ல, சரிவில் ஓடிவரும் மழைநீரை மறித்துப் போட்ட கரைகள். கரைக்கு மேல்புறம் உள்வாய், அதாவது தண்ணீர் பரந்து நிற்கும் இடம். கீழ்ப்புறம் ஆயக்கட்டு, அந்தத் தண்ணீரில் விளையும் நன்செய். ஓரத்தில் உபரிநீர் வழிய ஒரு கலங்கல். இதையே கோடி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. தெற்கே மறுகால் என்பார்கள். உள்வாயின் விளிம்பில் மனை வாங்கினால், ஏரி நிறையும் வருடத்தில் தண்ணீர் உங்களைத் தேடி வரும். ஆயக்கட்டில் வாங்கினால், ஏரி நிரம்பும்போது அதன் நீர்மட்டம் உங்கள் வீட்டுத் தரையைவிட உயரத்தில் இருக்கும். நடுவில் இருப்பது மண்கரை மட்டுமே. நாங்கள் பார்க்கப் போன மனையில் நின்று நிமிர்ந்தபோது கரை எங்கள் தலைக்கு மேலே இருந்தது. ‘லேக் வியூ’வுக்கு மூன்றாவது மாடி கட்ட வேண்டும்.

பழைய ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பு நிலமான நத்தம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும், கரையின் ஒரு முனையை ஒட்டியோ சற்று விலகியோ. நஞ்சையில் வீடு கட்டுவது சோற்றுப்பானையில் கால் வைப்பது மாதிரி என்பதனால் மட்டுமல்ல. அங்கே தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதிலும் ஒரு சேதி உண்டு. எல்லாரையும் மேட்டில் குடிவைக்கவில்லை இந்த ஊர்கள். பல இடங்களில் தாழ்ந்த பகுதி சேரிக்கு ஒதுக்கப்பட்டது. முன்னோர் அறிவைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஏரி தனியாக இருப்பதுமில்லை. மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு வரத்து, அதன் உபரி அடுத்ததற்கு. சங்கிலியின் ஒரு கண்ணியைப் பார்த்து வீடு வாங்குகிறவர் மேலே எத்தனை கண்ணிகள் என்று கேட்பதில்லை. ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் மிகுநீரைச் சுமந்துவரும் அடையாறு 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் என்ன செய்தது என்பது நினைவிருக்கும். தரைத்தளங்கள் மூழ்கி, மக்களைப் படகில் மீட்டார்கள். அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் வங்கிக் கடனில், முறையான பத்திரத்தோடு வாங்கியவர்கள்தான்.

பத்திரம் என்றதும் ஒன்று. வில்லங்கச் சான்றில் தண்ணீர் வராது. அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், எங்கே அடமானம் வைத்தார்கள் என்பது மட்டுமே அதில் இருக்கும். அங்கே வாய்க்கால் ஓடியதா என்று அது சொல்லாது. அதற்குக் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்க்க வேண்டும். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யூடிஆர் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் நேர்ந்த பிழைகள் இன்றும் நீதிமன்றங்களுக்கு வந்தபடி இருக்கின்றன. ஆகவே யூடிஆருக்கு முந்தைய பதிவேட்டில் அதே நிலம் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. ஒரு காலத்தில் வாய்க்கால் புறம்போக்காக இருந்தது இப்போது யார் பெயரிலாவது பட்டாவாக இருக்கலாம். வீட்டுவரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது என்பதெல்லாம் நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் சாட்சி.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற சொல்லை நம்பி இரண்டு தலைமுறை ஏமாந்திருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் பலருக்கு இது உறைத்தது. பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளுக்கு வழி திறந்தது. நீர்நிலைக்குள்ளும் நீர்வழியிலும் இருப்பவற்றுக்குத் திறக்கவில்லை.

இதெல்லாம் வாங்குபவரின் எச்சரிக்கை. எனக்குக் கவலை இதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. எல்லா ஆவணமும் சுத்தமாக, முறையான அனுமதியோடு, ஆயக்கட்டு நிலம் மனையாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த ஏரி என்ன ஆகும்?

நாங்கள் நின்றிருந்த மனைப்பிரிவின் ஓரத்தில் ஒரு பெரியவர் மாடு கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்ததில், அங்கே அவருக்கும் ஒரு ஏக்கர் இருந்தது தெரிந்தது. இப்போது எந்த மனை எண்களுக்குள் அது போயிற்று என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மதகு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். “வித்தாச்சே சார். இனிமே மதகைத் தொறந்தா என்ன, மூடுனா என்ன” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்கு முடிந்தது என்கிற குரல்.

ஏரியை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது பக்தியோ அழகுணர்ச்சியோ அல்ல. அதன் தண்ணீரில் விளைந்த நெல்லை நம்பியிருந்த ஆட்களின் தேவை. எலி வளையை அடைப்பதும், வரத்துக்காலைத் தூர்வாருவதும், மழைக்கு முன் மதகுப் பலகையைச் சரிபார்ப்பதும், ராத்திரியில் கரையில் காவல் நிற்பதும் அதனால் நடந்தன. வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் பங்கு கிடைத்தது, அவர் வேலை செய்தார். ஆயக்கட்டு மனையானதும் இந்தச் சங்கிலி அறுகிறது. அதைவிட மோசம், தேவை தலைகீழாகிறது. விவசாயிக்கு ஏரி நிறைய வேண்டும், மனைக்காரருக்கு நிறையக் கூடாது. விவசாயிக்கு மடை திறக்க வேண்டும், மனைக்காரருக்குத் திறந்தால் தெருவில் தண்ணீர். விவசாயி கோடையில் ஏரி வற்றுவதை ஒப்புக்கொள்வார், மனைக்காரர் பலகையில் பார்த்த நீலம் எங்கே என்பார். மழைக்காலத்தில் ‘கலங்கலை வெட்டிவிடுங்கள்’ என்று மனு, கோடையில் ‘ஏரியை மீட்டெடுங்கள்’ என்று மனு. இரண்டிலும் பெரும்பாலும் ஒரே ஆட்களின் கையெழுத்துதான் இருக்கும்.

நன்செயை மனையாக்க ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிலம் ஏன் தரிசாயிற்று? மடை அடைபட்டதால். மடை ஏன் அடைபட்டது? அக்கம்பக்கத்து நிலம் மனையானதால். முதல் நான்கு ஏக்கரை விற்கத்தான் தரகர் பாடுபட வேண்டும். மீதி நாற்பது ஏக்கர் தானாக வரும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன. அவற்றில் 14,000-க்கும் மேற்பட்டவை அரசின் நீர்வளத் துறையிடம், மற்றவை ஊராட்சி அமைப்புகளிடம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டம் வந்தது. அதுவும் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. சட்டம் பாயும்போது எங்கே முதலில் பாய்கிறது என்பதும் தெரிந்ததே. கரைமேல் குடிசை போட்டவர் ஒரே நாளில் லாரியில் ஏற்றப்படுகிறார். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் தேர்தல் பெருமைக்காகவே மேற்கோள் காட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய அந்த விதிகளில் ஏரி வாரியம் என்றொரு குழு இருக்கிறது. ஆறு பேர், ஓராண்டுப் பதவி. தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்கு வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். கூடவே, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அது பிராமணர் சபை, மற்றவர்களுக்கு அதில் இடமில்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அங்கே நிலமும் வீடும் இருக்க வேண்டும் என்ற யோசனையில் சாரம் இருக்கிறது. கரை உடைந்தால் நனைவது அவன் வீடு, மடை அடைத்தால் காய்வது அவன் வயல். இன்று வீடு வேறு கை, வயல் வேறு கை, ஏரி மூன்றாவது கை.

பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000-இல் வந்தது. அதன் கீழ் அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் பாசன நிலம் வைத்திருப்பவர்களுக்கானவை. ஆயக்கட்டில் புதிதாக வீடு கட்டியவரை ஊர்க் கணக்கில் எங்கும் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டு உரிமையாளரும் ஏரிப் பராமரிப்புக்குப் பணம் கட்டட்டும், கூட்டத்தில் உட்காரட்டும், கரையில் விரிசல் கண்டால் சொல்லட்டும். மடை திறக்கும் முடிவு மட்டும், ஒரு ஏக்கர் நெல் இருக்கும்வரை, நெல் வைத்திருப்பவரிடமே இருக்கட்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டத்தையும் கலங்கல் நீர் போகும் பாதையையும் வரைபடத்தில் குறித்து, வாங்குபவர் கையில் கொடுக்கச் செய்வது அரசுக்குப் பெரிய செலவில்லை. பத்திரத்தோடு அந்தத் தாளும் பதிவாகட்டும். விற்பனை குறையும் என்பார்கள். குறையட்டும்.

ஏரியோடு வாழ்வதில் விட்டுக்கொடுப்பும் உண்டு. வேடந்தாங்கல்காரர்களைக் கேட்டால் தெரியும். சுமார் 30 ஹெக்டேர் ஏரியில் வந்து தங்கும் பறவைகளுக்காக அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பதிலுக்குப் பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் நிலம் வாங்குகிறவர் அதையும் படித்துவிட்டு வாங்க வேண்டும். சின்ன விஷயங்களும் இருக்கின்றன. ஏரி நிரம்பினால் நிலத்தடி நீர் மேலேறும். கிணறு இனிக்கும், செப்டிக் டேங்க் எதிர்த்துக்கொள்ளும். கார்த்திகையில் தண்ணீர்ப்பாம்பு திண்ணைக்கு வரும். தவளைச் சத்தத்தில் முதல் மாதம் தூக்கம் வராது.

மைத்துனர் அந்த மனையை வாங்கவில்லை. ஆறு மாதம் அலைந்து, வேறொரு ஊரில் நத்தம் தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். மூன்றரை சென்ட். தாய்ப்பத்திரம் கிடைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. வீட்டிலிருந்து ஏரி தெரியாது. செல்லியம்மன் கோயிலும் புளியந்தோப்பும் மறைக்கின்றன. அதைச் சொல்லிக் கொஞ்ச நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் போன் செய்தார். ஆடித் திருவிழாவுக்கும் மதகுப் பலகை மாற்றவும் சேர்த்துத் தலைக்கட்டு வரி வாங்க நோட்டுடன் வந்தார்களாம். இவர் பெயர் கடைசிப் பக்கத்தில், பென்சிலில் எழுதியிருந்ததாம்.

“பணம் குடுத்தப்புறம் பேனாவுல எழுதினாங்க மாப்ளே” என்றார்.